குதிரையின் மூக்கு

"எட்டுது, ஹோரஸ். தாராளமா எட்டுது. பாயச் சொல்லுங்க உங்க குதிரைகளை," என்றார் கீத் ஓல்ட்ராய்ட்.

அளவு டேப்பை மேஜைமேல் நீட்டிப் பிடித்திருந்த ஹோரஸ் திஸில்வுட்டின் கை அப்படியே நின்றது.

நாட்டிங்ஹாமில் ஒரு சர்ச் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் கூடி, கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களை வைத்து நெப்போலியன் காலத்துச் சண்டைகளை மேஜைமேல் போடும் கிளப் அது. ஹோரஸ் அதில் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவர் டேப்பை நீட்டியபோதெல்லாம் எதிராளி குனிந்து பார்த்து "எட்டாது" என்றுதான் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு வாக்குவாதம், விதிப்புத்தகம், நடுவர், மறுபடி வாக்குவாதம். அதுதான் முறை.

அதுவும் இன்று கோப்பைக்கான இறுதி ஆட்டம். எதிரே இருப்பது கீத். வேலிப் புதருக்குள் தோட்டா நுழையுமா நுழையாதா என்பதற்காக ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டியவர். அவர் வாயிலிருந்து "தாராளமா" வருகிறதென்றால், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

ஹோரஸ் ஓய்வு பெறும் முன் காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளை விசாரிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். எரிந்துபோன வீட்டின் முன்னால் அழுதுகொண்டு நிற்பவனிடம் போய், "தீப்பெட்டி எங்கே வாங்கினீங்க?" என்று கேட்பதுதான் முப்பத்தொரு வருஷமாக அவர் செய்த வேலை. வேலை போய்விட்டது, கேள்வி போகவில்லை.

"எதிலேருந்து அளந்தேன்னு பார்த்தீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"முன்னாடி நிக்கிற குதிரையோட மூக்கிலேருந்து. என் பீரங்கி வரைக்கும் சரியா பன்னிரண்டு அங்குலம். உங்க குதிரைப்படை பன்னிரண்டு பாயும். அப்புறம் என்ன?"

"மூக்கிலேருந்து அளக்கலாமா?"

"அளக்கலாமே. மூக்கு குதிரையோடதுதானே."

ஹோரஸுக்கு விதிப்புத்தகத்தின் நாற்பத்தோராவது விதி நினைவுக்கு வந்தது. முறைகேடான நகர்வு ஒன்று பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டால் வெற்றி ரத்தாகும். ஓ, அப்படியா சங்கதி. இப்போது பாயவிட்டு, ஜெயிக்கவும் விட்டு, கோப்பையைக் கையில் எடுக்கும் நேரத்தில் "அந்த மூக்கு விஷயம்" என்று ஆரம்பிப்பார்.

"நடுவரைக் கூப்பிடுங்க," என்றார்.

"ஹோரஸ், நான்தான் ஒத்துக்கிட்டேனே."

"அதனாலதான் கூப்பிடச் சொல்றேன்."

நடுவர் க்ளைவ் பேகிட் வந்தார். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். ஹோரஸ் கூப்பிட்டால் வழக்கமாகக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டேதான் வருவார். இன்று சிரித்துக்கொண்டு வந்தார். அதையும் ஹோரஸ் கவனித்துக்கொண்டார்.

"மூக்குதானே? செல்லும்," என்றார் க்ளைவ், குனிந்துகூடப் பார்க்காமல். "ஓடுற குதிரை கழுத்தை நீட்டத்தான் செய்யும். ஹோரஸ் பக்கம் தீர்ப்பு. ஆடுங்க."

ஹோரஸ் கோட்டுப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். க்ளைவின் சிரிப்பு கொஞ்சம் மங்கியது. கிளப்பில் எல்லோருக்கும் அந்த நோட்டைத் தெரியும்.

"மார்ச் பதினாலு. வேலரி கூட நான் ஆடின ஆட்டம். 'மூக்கு, வால், ஈட்டி எதுவும் கணக்கில் வராது. பொம்மையின் அடிப்பலகை விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும்.' சொன்னது நீங்க. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு."

"மனசு மாறிட்டேன்."

"என்னிக்கு?"

"இப்பத்தான்னு வச்சுக்குங்களேன்."

"ஒன்பது வருஷமா நடுவரா இருக்கீங்க. ஒரு தடவைகூட மாறாத மனசு இன்னிக்கு மத்தியானம் மாறிடுச்சா?"

க்ளைவ் கீத்தைப் பார்த்தார். கீத் கூரையைப் பார்த்தார். ஹோரஸுக்கு அந்த ஒரு பார்வை போதும். எத்தனை கூட்டுக் களவாணிகளைப் பார்த்த கண்கள் அவை. ஹோரஸ் விதிப்புத்தகத்தை விரித்து, ஏழாம் பக்கத்தில் விரலை வைத்து, தன் குதிரைகளுக்கு எதிராகத் தானே வழக்காடினார். கால்மணி நேரம் வாதாடினார். கடைசியில் க்ளைவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, அடிப்பலகைதான். கால் அங்குலம் குறையுது. பாய்ச்சல் எட்டலை," என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஜெயித்த திருப்தியோடு ஹோரஸ் தன் நான்கு குதிரை வீரர்களையும் கீத்தின் பீரங்கிகளின் வாய்க்கு நேரே, கால் அங்குலம் தள்ளி நிறுத்தினார். எட்டாத பாய்ச்சலுக்கு அதுதான் விதி.

அடுத்த முறை கீத்துடையது. அவர் பகடையைத் தொடவே இல்லை.

"என் பீரங்கிக்காரங்க கவனிக்கலைன்னு நினைக்கிறேன்," என்றார்.

"எதை?"

"உங்க குதிரைகளை."

"மூக்குக்கு முன்னாடி நாலு குதிரை நிக்குது. கவனிக்கலையா?"

"புகையா இருக்கும். சண்டையில சகஜம்."

"இதுவரைக்கும் யாரும் ஒரு வெடிகூட வெடிக்கலையே கீத். எங்கிருந்து புகை?" ஹோரஸ் குரலைத் தாழ்த்தினார். "என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியும். சுட வேண்டிய முறையில சுடாம விட்டா ஆட்டத்தை நிறுத்திச் செல்லாதுன்னு அறிவிக்கலாம். பதினெட்டாவது விதி. சுடுங்க."

"ஹோரஸ், நிஜமாவா சொல்றீங்க?"

"சுடுங்க."

கீத் பகடையை உருட்டினார் என்பதைவிட எறிந்தார் என்பதே சரி. அது மேஜையைத் தாண்டித் தரையில் விழுந்து ரேடியேட்டருக்கு அடியில் போய் நின்றது. பக்கத்து மேஜையில் ஆடிக்கொண்டிருந்த வேலரி, ஆட்டத்தை விட்டுவிட்டு மண்டியிட்டுப் பார்த்தாள். "ஒண்ணு," என்றாள். "குறி தப்பிடுச்சு. குதிரைங்க பிழைச்சுது." அவள் குரலில் இருந்த சந்தோஷம் ஹோரஸுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மார்ச் பதினாலுக்குப் பிறகு அவருக்கு வணக்கம்கூடச் சொல்லாதவள் அவள்.

"தரையில விழுந்தது கணக்கில்லை," என்றார் ஹோரஸ். "மறுபடி போடணும்."

"எனக்கு ஆட்சேபணை இல்லை, ஒண்ணே இருக்கட்டும்," என்றார் கீத் அவசரமாக.

"எனக்கு இருக்கு."

கீத் மறுபடி போட்டார். இந்த முறை விரல் நுனியால், மேஜைக்கு மிக அருகில், பூப்போல. ஆறு விழுந்தது. ஹோரஸின் நான்கு குதிரை வீரர்களும் ஒரே குண்டில் போனார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து, பித்தான் பித்தானாக வண்ணம் தீட்டியவர்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிப் பெட்டியில் படுக்க வைத்தார் ஹோரஸ். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பொறியில் கால் வைக்கவில்லை அல்லவா?

அதற்குள் எல்லா மேஜைகளிலும் ஆட்டம் நின்றுவிட்டது. பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவரும் ஹோரஸுக்கு யோசனை சொன்னார்கள்.

"இடது பக்கம் காலியா இருக்கு, ஹோரஸ்."

"அந்தப் பாலத்தைப் பிடிச்சிடுங்க, அவருக்குத் தெரியாது."

"தெரியாது," என்று கீத்தும் தலையாட்டினார்.

இடது பக்கமும் போகவில்லை, பாலத்தின் பக்கமும் போகவில்லை ஹோரஸ். பதினைந்து பேர் ஒரே வழியைக் காட்டினால் அந்த வழியில் பள்ளம் இருக்கிறதென்று அர்த்தம். சமையலறையிலிருந்து டோரீன் டீ கொண்டுவந்தாள். எல்லோரையும் ராசா என்று கூப்பிடும் பெரிய உடம்புக்காரி. எப்போதும் ஒரு பிஸ்கட் வைப்பவள் இன்று மூன்று வைத்திருந்தாள்.

"நல்லா சாப்பிடு ராசா. தெம்பா ஆடணும்."

"மத்தவங்களுக்கு எத்தனை?"

"அவங்களுக்கு எதுக்கு, நீதான் இன்னிக்கு முக்கியம்."

ஹோரஸ் தட்டை இரண்டு விரலால் தள்ளி வைத்தார். டோரீன் ஒன்றும் புரியாமல் சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

கடைசி முறை வந்தது. மேஜையின் நடுவில் ஒரு குன்று. ஆட்டம் முடியும்போது அதன்மேல் யாருடைய ஆட்கள் அதிகமோ அவருக்கே கோப்பை. ஹோரஸுக்கு அங்கே பதினொரு பேர், கீத்துக்குப் பன்னிரண்டு. கீத் நிதானமாகக் கையை நீட்டித் தன் பன்னிரண்டு பேரையும் குன்றிலிருந்து கீழே இறக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் ஹோரஸ்.

"பின்வாங்குறேன். பாவம், பசங்க காலையிலேருந்து நிக்கிறாங்க."

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். யாரோ கைதட்டவே ஆரம்பித்தார்கள். யாரோ அதை அடக்கினார்கள்.

ஹோரஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். க்ளைவ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேண்டாம் ஹோரஸ்," என்றார் மெல்ல. "தயவுசெஞ்சு தேடாதீங்க."

அதைக் கேட்டதும் ஹோரஸ் இன்னும் வேகமாகத் தேடினார். கிடைத்தது. ஐம்பத்திரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு.

"'தளபதி ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் படை தன்னிச்சையாகப் பின்வாங்க முடியாது. பகடை போட்டு மூன்றுக்குக் கீழே விழுந்தால் மட்டுமே இறங்கலாம்.' உங்க தளபதி எங்க, கீத்?"

கீத் தன் தளபதியைப் பார்த்தார். வெள்ளைக் குதிரைமேல், குன்றின் உச்சியில், தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார் அவர்.

"அவரைக் கொஞ்சம் நகர்த்திக்கட்டுமா?"

"உங்க நகர்வு முடிஞ்சிடுச்சு. பகடை போடுங்க."

போட்டார். ஐந்து. பன்னிரண்டு பேரும் குன்றின் மேலேயே நின்றார்கள்.

க்ளைவ் எழுந்திருக்கக்கூட இல்லை. "பன்னிரண்டுக்குப் பதினொண்ணு. கோப்பை கீத்துக்கு," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. கீத் அந்த வெள்ளிக் கோப்பையை, அடுத்த வீட்டுக் குழந்தையின் ஈர இடுப்புத்துணியை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

ஹோரஸ் கோட்டை மாட்டிக்கொண்டார். தோற்றதில் வருத்தம் இருந்தது. பொய் சொல்வானேன், நான்காவது முறையாக இறுதி ஆட்டத்தில் தோற்கிறார். ஆனால் அதற்கும் மேலாக ஒரு நிம்மதி. கீத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல ஆட்டம். ஆனா நீங்க எல்லாரும் சேர்ந்து ஏதோ திட்டம் போட்டிருந்தீங்க. இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க."

"இல்லைன்னு சொல்லலை," என்றார் கீத் சோர்வாக.

"என்னன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். அடுத்த சனிக்கிழமை சீக்கிரமே வர்றேன்."

வேலரி கண்களை மூடிக்கொண்டாள்.

அப்போது சமையலறைக் கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு டோரீன் வந்தாள். சமையலறைக்குள் ஆட்ட முடிவு எட்டியிருக்கவில்லை போலும். முகமெல்லாம் பல்லாக, இரண்டு கையிலும் ஏந்திய அகலமான கேக்கை ஹோரஸின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரே ஒரு தடவை கோப்பையை ஜெயிச்சுட்டா இந்தக் கிளப்பை விட்டே போயிடுவேன்னு போன கிறிஸ்துமஸ்ல எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணினியே ராசா, அதான் 'போய் வா ஹோரஸ்'னு எழுதி, பதினேழு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு வர்ற மாதிரி பண்ணியிருக்கேன்."