டிபன் பாக்ஸில் போன ஹார்ட் டிஸ்க்

திண்டிவனத்தில் அதிக ரகசியங்கள் தெரிந்தவரும் அவர்தான், ஒரு ரகசியமும் தெரியாதவரும் அவர்தான். கோர்ட்டுக்குப் பக்கத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். விவாகரத்து, பாகப்பிரிவினை, மொட்டைக் கடிதம் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போயின. எழுத்தைத்தான் அடிப்பேன், விஷயத்தைப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வார்.

அவர் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது. அடித்து முடித்ததும் கீபோர்டை வாடிக்கையாளர் பக்கம் தள்ளுவார். "உங்க கையாலயே அழிச்சிட்டுப் போங்க." மறுநாள் ஒரு எழுத்துப் பிழை என்று வந்தால், திட்டிக்கொண்டே முழுவதையும் மறுபடி அடிப்பார். சாயங்காலம் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டு மயிலம் பஸ் ஏறுவார். அதனால் ஊருக்கு அவர் டிபன் பாக்ஸ்.

ஒருநாள் காலை பஸ்ஸில் பாக்ஸ் மாறிவிட்டது. கடையில் திறந்தால் எலுமிச்சை சாதம். மதியம் தன் பாக்ஸைத் திறந்து உள்ளே ஹார்ட் டிஸ்கைக் கண்ட கொத்தனார் யாரையும் விசாரிக்கவில்லை. பசியோடு நேராக இவர் கடைக்கு வந்து சண்டை போட்டார்.

நான் எதிர்க்கடை நெட் சென்டரில் இருந்தேன். லாரி கிளீனர், பரோட்டாக் கடை எல்லாம் முடிந்து வந்த வேலை அது. நாலு கம்ப்யூட்டருக்கு ஒரே பிரிண்டர். அங்கும் இங்கும் ஓடாமலிருக்க, எல்லோருடையதையும் கடையின் ஒரே ஆன்லைன் கணக்கில்தான் அடிப்பேன்; எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எல்லாமே வரிசையாகத் தெரியும்.

"உன் கடைல அடிக்கிறதெல்லாம் எங்கடா இருக்குது?" என்பார் டிபன் பாக்ஸ்.

"மேல இருக்குதுண்ணே, ஆன்லைன்ல."

"மேலன்னா யாரு வூட்டு மேல?"

நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கப் போய்விடுவேன்.

ஒருநாள் காலை அரிசி மில் தனலட்சுமி மூச்சிரைக்க ஓடிவந்தாள். மில் மேனேஜர் பெண்கள்மேல் கைவைக்கிறான் என்று கலெக்டருக்கு மனு. முந்தின நாள் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு விழுப்புரம் கிளம்பியவளுக்குப் பாதி வழியில் ஞாபகம் வந்திருக்கிறது.

"அந்தாளு பத்து மணிக்கு இங்கதானே லாரி லிஸ்ட்டு எடுக்க வருவான்? என்னுது உள்ள இருக்குதா?"

திறந்தேன். தேட வசதியாக நானே வைத்த பெயர் மேலேயே நின்றது: 'தனலட்சுமி, மில் மேனேஜர் மேல் புகார்'. அதற்குக் கீழே மேனேஜரின் லாரி லிஸ்ட்.

அழித்தேன். அவள் நம்பவில்லை. வாசலுக்குப் போய் டிபன் பாக்ஸைக் கூப்பிட்டாள். நெட் சென்டர் படியை அவர் மிதித்தது அன்றுதான்.

"அழிச்சது எங்க போச்சி?"

"குப்பைத் தொட்டிக்குண்ணே."

"தொட்டிய எவன் வேணா கிளறலாமா?"

கிளறினேன். இருந்தது.

"நீ பஸ்ஸ புடி தாயி, நாங்க பார்த்துக்கிறோம்" என்று அவளை அனுப்பினார். மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்காதபடி தன் துண்டை விரித்துத் திரையை மறைத்தார். தன் முகத்தையும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஜல்தி, ஜல்தி!" நான் தொட்டியைக் காலி செய்யவும் மேனேஜர் நுழையவும் சரியாக இருந்தது.

"இன்னாய்யா டிபன் பாக்ஸு, நீயும் நெட்டுக்கு வந்துட்டியா?"

"வயசான காலத்துல கத்துக்கினு இருக்கேன் சார்."

பதற்றத்தில் லாரி லிஸ்ட்டையும் சேர்த்து அழித்திருந்தேன். மேனேஜர் போட்ட கூச்சலில் அன்றே எனக்கு வேலை போனது. விசாரணை வந்து, மேனேஜருக்கும் பிறகு போனது.

அடுத்த வேலைக்கு என் பயோடேட்டாவை டிபன் பாக்ஸ்தான் அடித்தார். அதில் நடுவில் இரண்டு வருடம் நான் எங்கே இருந்தேன் என்று இருக்காது. அந்த இடத்தில் அவர் விரல் நிற்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. யாரிடமும் சொல்லாததை அன்று அவரிடம் நானாகச் சொன்னேன்.