மிருகத்தின் முத்திரையும் சின்னக் கிராணியும்

வேதத்தில் எந்த அதிகாரத்தையும் நான் பாதிதான் படிப்பேன். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். அவசரகாலத்தில் இந்தத் திறமை என்னிடம் உச்சத்தில் இருந்தது.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் போலீஸ் என்றிருந்த நேரம். மலாக்காவை அடுத்த ஜாசின் பக்கம், வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நான் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. எல்லாரும் படம் பிடித்து, கட்டைவிரல் ரேகை வைத்து அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கார்டு இல்லாவிட்டால் அரிசி கிடைக்காது என்று பேச்சு. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்தேன். உலகம் முடியும் காலத்தில் வலது கையில் மிருகத்தின் முத்திரை. அது இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது. (உடம்பு சிலிர்த்தது. பயத்தில் அல்ல, கண்டுபிடித்த பெருமையில்.)

அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்த எஸ்தர் அக்காவிடம் ஓடினேன்.

"அந்தக் கார்டுக்குக் கைரேகை வைக்காதீங்கக்கா. இது அந்த முத்திரைதான்."

"யாரு தம்பி சொன்னா?"

"வேதமே சொல்லுதுலா."

அக்கா நம்பினார். பதிவு நாளில் தலைவலி என்று படுத்துவிட்டார்.

சில மாதம் கழித்து, மலாக்காவில் அக்காவின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். அக்காதான் ஞானத்தாய். தன் கையால் தைத்த வெள்ளைக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார், துணைக்கு நான். பாதி வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது.

"கார்டு மானா?" என்று மலாயில் கார்டு எங்கே எனக் கேட்டுப் போலீஸ்காரர் கை நீட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு தம்பி."

என் கை என்னைக் கேட்காமலே சட்டைப் பாக்கெட்டுக்குள் போய், என் கார்டை எடுத்து நீட்டியது. (கார்டு இல்லாதவனுக்கு ஆபீஸில் வேலை இல்லை என்று துரை சொல்லியிருந்தார். விரலை லேசாகத்தான் வைத்தேன்.)

அக்கா எட்டி அதிலிருந்த படத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு வேறு எடுத்திருந்தேன்.

அவரை இறக்கிவிட்டார்கள். இறங்கும்போது கவுனை என்னிடம் நீட்டினார். "இதையாச்சும் ஒழுங்கா கொண்டுபோய்ச் சேத்துடு."

கோயிலில் வேறொருத்தி ஞானத்தாயாகக் குழந்தையை ஏந்தி நின்றாள். நடந்ததைக் கேட்டுவிட்டு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் ஐயர், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார். கேட்கவில்லைதான். பயத்துக்கு வசனம் தேடினால் ஒன்று கிடைத்துவிடும். கிடைத்ததாலேயே பயம் உண்மையாகிவிடாது என்பது அன்றுதான் உறைத்தது. எங்கள் தோட்டத்து ஆள்தான் என்று துரை எழுதிய கடிதம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்து, சாயங்காலம்தான் அக்காவை விட்டார்கள்.

அந்தக் குழந்தைக்கே இப்போது மூன்று பிள்ளைகள். போன வாரம் அக்காவிடம், "உலகம் முடியப் போகுதாம்க்கா, பாசார்ல பேசிக்கிறாங்க" என்றேன்.

அக்கா மீன் கழுவுவதை நிறுத்தவில்லை.

"மொதல்ல பாக்கெட்டக் காட்டு."