ஷரத்து அண்ணாச்சி எழுதி வைத்த தோட்டம்

கம்ப்யூட்டரில் எதை வாங்கினாலும் எதைத் திறந்தாலும், அடியில் ஒரு சின்னக் கட்டம் வரும். 'மேற்கண்ட நிபந்தனைகளைப் படித்தேன், சம்மதிக்கிறேன்.' கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அந்தக் கட்டத்தில் டிக் அடித்தவர்களில் பொய் சொல்லாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் தச்சநல்லூரில் இருந்தார். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஊருக்கு அவர் ஷரத்து அண்ணாச்சி.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே அண்ணாச்சி பத்திரம் எழுதுவார். பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை. நான் எட்டாவதோடு நிறுத்தியவன். ஐந்து வேளைத் தொழுகை, கடை, வீடு, இவ்வளவுதான் என் உலகம். மற்றதையெல்லாம் எனக்கு ஷரத்து ஷரத்தாகப் பிரித்துக் காட்டியது அண்ணாச்சிதான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விட மாட்டார். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று இருந்தால், "எத்தனை பேருன்னு வரையறையே இல்லையேவே" என்று கவலைப்படுவார். இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, "பாய், இதைக் குடிச்சிட்டு டிராக்டர் ஓட்டக் கூடாதாம்" என்பார். எங்கள் இருவரிடமும் டிராக்டர் கிடையாது.

டிராக்டர் என்ன, நிலமே கிடையாது. ஊரார் நிலத்தையெல்லாம் வாங்கவும் விற்கவும் காலமெல்லாம் எழுதிக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் இல்லை. வாடகை வீடு. பிள்ளைகளும் இல்லை. அவர் மனைவி ஆவுடையக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், "ஊருக்கெல்லாம் எழுதுதாவ. எம் பேரை ஒரு பத்திரத்துலயாவது எழுதினாவளா, கேளுங்க தம்பி." சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அண்ணாச்சி அந்த நேரம் பார்த்து மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

ஒருநாள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு கட்டில், நாற்காலி, மறுபடி கட்டில். பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, ஆள் பாதியானார். அந்தச் சமயத்தில்தான் பத்திரங்களைத் தட்டச்சு செய்ய அண்ணாச்சி வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். அதைக் கொண்டுவந்து மாட்டியவர் வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செல்வம். அக்காவின் நிலையைப் பார்த்துவிட்டு, "இதுல தோட்டம் போடுத விளையாட்டு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அக்காவுக்குப் பொழுது போகும்" என்றார். அந்த விளையாட்டை விற்பது ஷட்டர் போட்ட கடை இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் கடை. பெயரைப் பதிந்து, பணம் கட்டி, டிக் அடித்தால் விளையாட்டு வந்துவிடும்.

செல்வம் டிக் அடிக்கப் போனார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நில்லு. என்னத்துல கையெழுத்துப் போடுத?"

"கையெழுத்து இல்ல அண்ணாச்சி. வெறும் டிக்கு."

"கைநாட்டும் வெறும் மைதாம்ல. அதுல எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்திருக்கு தெரியுமா?"

அந்த ஒப்பந்தம் முழுவதும் என் கடையில் அச்சாகி வந்தது. மூன்று நாள் படித்தார். இங்கிலீஷ் அகராதி ஒரு பக்கம், சிவப்பு மைப் பேனா ஒரு பக்கம். நாலாம் நாள் செல்வத்தை வரவழைத்தார். முகம் கறுத்திருந்தது.

"வெளிய 'வாங்கு'ன்னு பட்டன் போட்டிருக்கான். உள்ள போனா, 'வித்ததா நினைக்காத, அனுபவிக்க அனுமதி மட்டுந்தான், எப்ப வேணும்னாலும் நிறுத்துவோம்'ங்கான். இது கிரயமா, குத்தகையா?"

"லைசென்சு அண்ணாச்சி. எல்லாக் கடையிலயும் இப்படித்தான். காசு கட்டின விளையாட்டைத் திருப்பி எடுத்துக்கிடுதாங்கன்னு உலகம் பூரா சண்டை நடக்கு."

"சண்டை போடுதவன்ல எத்தனை பேரு டிக் அடிக்க முந்திப் படிச்சான்?"

செல்வம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சில கடைகளில் விளையாட்டை முழுசாகவே கையில் கொடுத்துவிடுவார்கள், நம் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்தத் தோட்ட விளையாட்டு அங்கே கிடைக்காது, இதில் தோட்டமே அவர்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கும் என்றார் செல்வம். அண்ணாச்சி தாளைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனார். உள்ளே நாற்காலியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

"இன்னைக்காவது நாத்து நடலாமா, இல்ல நீங்க படிச்சு முடிக்கதுக்குள்ள பருவம் போயிருமா?"

ராகுகாலம் கழியும்வரை காத்திருந்தார். என்னையும் எதிர்த்த டீக்கடைக்காரரையும் இரண்டு பக்கமும் நிறுத்தினார். "சாட்சிகள் பார்க்க, ஷரத்துகளை ஆட்சேபித்து, வேற வழியில்லாம டிக் அடிக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தன் பெயரில் பதிந்து அடித்தார். டீக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் கைதட்டினார்.

அக்கா பிழைத்துக்கொண்டார். நான் மிகைப்படுத்தவில்லை. 'ஆவுடை தோட்டம்' என்று பலகை மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி மவுஸைப் பிடித்துக்கொண்டு உழுதார், விதைத்தார், வேலி போட்டார். வீட்டு வாசலைத் தாண்ட முடியாதவர், திரைக்குள் இருந்த ஊரில் வீடு வீடாகப் போய்த் தலையாட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் அண்ணாச்சி பையும் கையுமாக வருவார்.

"என்ன வேலை நடந்திருக்கு?"

"பூசணி அறுத்தாச்சு. மாடு ஒண்ணைக் காணல. அந்தா, அந்தப் புதர்ப் பக்கம் இருக்கா பாருங்க."

பையை இறக்காமலே நின்று மாடு தேடுவார்.

படம் கொஞ்சம் விட்டு விட்டு ஓடும். கடையில் போய்க் கேட்டபோது செல்வம் கம்ப்யூட்டருக்குள் சொருகும் ஒரு புது கிராபிக்ஸ் கார்டைக் காட்டினார். "ஒரு நிசப் படத்துக்கும் அடுத்த நிசப் படத்துக்கும் நடுவுல இது தானா மூணு படம் வரைஞ்சு சேர்த்துரும் அண்ணாச்சி. எல்லாம் ஏ.ஐ. வழுவழுன்னு ஓடும்."

"நடுவுல பக்கம் சொருகுதியா?" அண்ணாச்சி போட்ட சத்தத்தில் கடையில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். "இதுக்குத்தாம்ல நாங்க பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டுக் கையெழுத்து வாங்குதோம்!"

"பார்க்கவனுக்கு வித்தியாசமே தெரியாது அண்ணாச்சி."

"போலிப் பத்திரம் போடுதவனும் இதைத்தாம்ல சொல்லுதான்!" வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார், "நம்ம மாடு பையவே நடக்கட்டும். நிசமா நடக்கட்டும்."

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக அந்தச் சிவப்பு மைத் தாள்களை எடுத்தார். பதிந்தவர் இறந்தால் உரிமை யாருக்கும் போகாது என்று ஒரு ஷரத்து இருந்தது. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் ஆவுடை தோட்டம் என்ன ஆகும்? அந்தக் கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

செல்வம் சுலபமான வழி சொன்னார். "அக்காகிட்ட பாஸ்வேர்டைச் சொல்லி வச்சிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"திருட்டுச் சாவி போட்டு நுழையணும்னு அவளுக்கு என்னல தலையெழுத்து? அவ என் பொண்டாட்டி. முறைப்படி அவ பேருக்கு வரணும். பதிவு பண்ணின உயிலுக்கு மேல ஒரு டிக்கு பேசிருமா?"

இந்த இடத்தில்தான் அந்த மனிதர் தவறினார். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்லுகிறேன். முத்திரையும் கையெழுத்தும் விழுந்த தாளை உலகம் முழுக்க மதிக்கும் என்று நம்பினார். படித்துப் படித்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டவர், படித்ததை நம்பாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

உயில் எழுதினார். 'எனது பூரண மனதுடனும் புத்தி சுவாதீனத்துடனும்' என்று தொடங்கி, 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று முடித்தார். ஆற்றுக்கு மேற்கு, கொல்லன் வீட்டுக்கு வடக்கு, சுரங்கத்துக்குத் தெற்கு, பொதுக் கிணற்றுக்குக் கிழக்கு என்று நான்கெல்லையும் போட்டார். பதிவுக்குக் கொண்டுபோன அன்று அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"அண்ணாச்சி, இது எந்தக் கிராமம்?"

"எந்தக் கிராமத்துலயும் சேராது சார்."

"அப்ப நிலம் எங்க இருக்கு?"

"என் வீட்டு மேசை மேல."

அலுவலகமே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிந்து கொடுத்தார். உயிலை நிறைவேற்றுபவர் என்று என் பெயர் இருந்தது. வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்தார்.

"பாய், உம்ம மார்க்கத்துல இதுக்கு என்ன பேரு சொல்லுவீரு?"

"அமானிதம். நம்பி ஒப்படைச்ச பொருளு."

"அதான். எனக்குப் பொறவு அந்தக் கடைக்கு முறையா எழுதி, அவ பேருக்கு மாத்திக் குடுத்துரும். ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் வேண்டாம்."

ஐப்பசி மழையில் ஒரு காலை, யாருக்கோ செட்டில்மெண்டுப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசையில் சாய்ந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது உயிர் இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் அவர் பெயரிலேயே திறந்து கிடந்தது. காரியமெல்லாம் முடிந்து சில நாளில் அக்கா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அழுதுகொண்டே பூசணிக்குத் தண்ணீர் விடுவார். ஆனால் விடுவார்.

நான் உயிலைக் கையில் எடுத்தேன். செல்வம் என் கடைக்கே ஓடி வந்தார்.

"பாய், சும்மா இருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். அந்தக் கடைக்கு அண்ணாச்சி இன்னும் சாகல. நீங்க போய்க் கொன்னுராதீங்க."

"அமானிதம் தம்பி. வாக்குக் குடுத்திருக்கேன். செத்தவரை உயிரோட இருக்காருன்னு நான் பொய் சொல்ல முடியுமா?"

"யாரு பொய் சொல்லச் சொன்னா? பேசாம இருங்கன்னுதான் சொல்லுதேன்."

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பதிவான உயில் எல்லாவற்றையும் இணைத்து, இங்கிலீஷ் தெரிந்த டைப்பிஸ்டை வைத்துக் கடிதம் எழுதினேன். தொழுதுவிட்டு அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. முதல் வரியில் ஆழ்ந்த அனுதாபம். இரண்டாவது வரியில், உயிலாலும் உரிமையை மாற்ற முடியாது, இறந்தவரின் கணக்கு மூடப்பட்டது. மூன்றாவது வரியில், எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள்?

அன்று மத்தியானம் அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, தோட்டம் திறக்க மாட்டேங்கு. என்னன்னு பாருங்களேன்."

அதற்குப் பிறகு நான் ஒன்பது கடிதம் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். எழுதியது மனிதனா மிஷினா என்றுகூடத் தெரியாது. காசு வாங்கும்போது பச்சைப் பட்டன், பிடுங்கும்போது அனுதாபம். எழுந்து நடக்க முடியாத ஒரு பெண்பிள்ளையின் பூசணிக் கொடியைப் பிடுங்கி, எந்த மகாராஜா என்ன கட்டிக்கொண்டான்? அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். எனக்கே அது போதவில்லை. ஏனென்றால் அவர்களிடம் போய்ச் சொன்னவன் நான்.

ஒரு மாதம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து போனேன். கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது.

"ஏன் தம்பி இந்தப் பக்கமே காணோம்?"

"முகம் காட்ட முடியலை அக்கா."

"அவியளுக்கும் பொய் சொல்லத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ரெண்டு யோக்கியனுக்கு நடுவுல எந் தோட்டம் போச்சு." கோபமாகத்தான் சொன்னார். அதை வாங்கிக்கொண்டு நின்றேன். பிறகு தலையணைக்கடியிலிருந்து உயிலை எடுத்து நீட்டினார். "எழுத்து மங்குது. வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். எல்லைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'மேற்படி தோட்டத்துக்குள்பட்ட தொழுவம் ஒன்று, பசு மூன்று, கோழி பதினொன்று' என்று வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"பதிமூணு."

"பதினொண்ணுன்னுதான் இருக்கு அக்கா."

"அவிய போன பொறவு ரெண்டு பொரிச்சுது."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பதினொன்றை அடிக்கப் போனேன். அக்கா சட்டென்று தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவிய எழுத்துல கை வைக்காதீங்க தம்பி. தப்பாவே இருக்கட்டும்."

பேனாவை மூடினேன். எனக்கும் மனசு வரவில்லை.