பொம்மைக்கோழி நைனாவும் எங்கள் கன்னங்களும்

பருந்து வருகிறதா என்று தெரிந்துகொள்ள உலகமே வானத்தை அண்ணாந்து பார்க்கும். எதிரில் நிற்பவர்களின் கன்னத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்த ஒரே ஆத்மா எங்கள் பொம்மைக்கோழி நைனாதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் பிறக்கப்போவதில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்னக் குப்பம். அங்கிருந்த தபால் ஆபீசுக்கு என்னைப் போட்டார்கள். நான் காட்டூர்க்காரி, நெல்லும் வரப்பும் பார்த்து வளர்ந்தவள். நண்டுக்கு எத்தனை கால் என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வேன். ஆபீஸ் வராந்தாவுக்கு நேர் எதிரே, பத்தடித் தெருவுக்கு அந்தப் பக்கம், நைனாவின் வாசல். நைனா என்றால் அங்கே அப்பா என்று அர்த்தம். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, அவருடைய மனைவி கன்னியம்மா உட்பட. சொந்தப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அவருக்கு ஒரு கடிதமாவது வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

தொழில், ஏரியில் இறங்கிக் கையாலேயே நண்டும் இறாலும் பிடிப்பது. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றில் விரலை விட்டுத் துழாவி எடுத்துப் பானையில் போடுவார். மிச்ச நேரமெல்லாம் கோழிதான்.

கோழி என்றதும் குழம்பை நினைக்காதீர்கள். குக்கருக்கு கேஸ்கட் வாங்கிவரச் சொல்லி கன்னியம்மா அவரைப் பொன்னேரிச் சந்தைக்கு அனுப்பினாள். அவர் கேஸ்கட்டை மறந்துவிட்டு, கூடையில் நாலு ஃபேன்சி கோழிகளோடு வந்து இறங்கினார். இளநீர்க் காய் அளவு உடம்பு. காலில் சாக்ஸ் போட்டது மாதிரி இறகு, தலையில் பஞ்சு உருண்டை மாதிரி கொண்டை. ஊர் அவற்றுக்குப் பொம்மைக்கோழி என்று பெயர் வைத்தது. சேவலுக்கு மேஸ்திரி என்று பெயர். பெட்டைகளில் பெரியது பட்டத்துராணி.

"முட்டை போடுமா நைனா?" என்று கேட்டேன்.

"எப்பனா போடும்."

"கறிக்காவது ஆகுமா?"

"அய்ய, மெல்லப் பேசுங்கோ போஸ்ட்டம்மா, அதுங்க காதுல வுழப்போவுது! இது சும்மா பாக்கறதுக்கு."

சும்மா பார்ப்பதற்கு ஒரு கோழி. எனக்குப் புரியவில்லை. கேஸ்கட் இல்லாத குக்கரை வைத்துக்கொண்டிருந்த கன்னியம்மாவுக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

மீன் காய்கிற ஊரில் பருந்துக்குப் பஞ்சமா? இரண்டாவது வாரமே ஒரு பெட்டையைக் காணோம். நைனா ஒரு பழைய வலையை வாங்கிவந்து வாசல் முழுக்கக் கூரை மாதிரி கட்டினார். வலையைக் கழுவிக் கட்டவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சுற்றி நின்று யோசனை சொன்ன இருபது பேருக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து வலையோடு வாழ்கிறவர்கள் கண்ணுக்கு அதில் ஒட்டியிருந்த காய்ந்த பொடிமீனெல்லாம் தெரியுமா? பறவைகளுக்குத் தெரிந்தது. மறுநாள் ஏரியிலிருந்த அத்தனை காக்கையும் பருந்தும் அந்தக் கூரைமேல் பந்தி போட்டன. கீழே மேஸ்திரி கட்டிலுக்கு அடியில் மூன்று நாள் தலைமறைவாக இருந்தது. வலை இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கன்னத் திட்டம் வந்தது.

கருடனைப் பார்த்தால் நம்மவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் இல்லையா? ஒருநாள் நான் வராந்தாவில் நின்று அப்படிப் போட்டுக்கொண்டேன். நைனா சட்டென்று எழுந்து கோழிகளை அள்ளி உள்ளே விட்டார். இரண்டு நிமிஷத்தில் கருடன் தெருவைத் தாழப் பறந்து கடந்தது. அவர் வானத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்கோ போட்டுக்கினீங்களே, அதான்," என்றார்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. கரும்பருந்துக்கு யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அடுத்த பெட்டையைக் கரும்பருந்து கொண்டுபோயிற்று. நைனா வீடு வீடாகப் போய், "இன்னாதான் பறந்தாலும் ஒரு தபா போட்டுக்கோங்கோ," என்று கெஞ்சினார்.

அன்றிலிருந்து தெருவில் குழப்பம்தான். பருந்துக்குப் போட்டார்கள், கொக்குக்குப் போட்டார்கள். சிலர் சந்தேகத்தின் பலனைக் காக்கைக்கும் கொடுத்தார்கள். ஆகாய விமானம் போனால் போடலாமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள், ஏதோ தபால் விதிமுறையில் அது இருப்பது மாதிரி. நானும் யோசித்து, "வேண்டாம்," என்றேன். வெளியூரிலிருந்து கருவாடு வாங்க வந்தவர்கள், இவ்வளவு பக்தியான தெருவா என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

என் மேலதிகாரி சோதனைக்கு வந்த நாளை மறக்கமாட்டேன். "நேத்து ஏம்மா ஆபீசை லேட்டா திறந்தீங்க?" என்று அவர் கேட்கவும், ஜன்னலுக்கு வெளியே பருந்து வட்டமடிக்கவும் சரியாக இருந்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, வராந்தாவுக்கு ஓடி, இரண்டு கன்னத்திலும் பளார் பளார் என்று போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது மனிதர் வெலவெலத்துப் போயிருந்தார். "சரிம்மா, விடுங்க, அரை மணி நேரம்தானே?" என்று எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இதற்கிடையில் பட்டத்துராணி அடைகாத்து ஆறு குஞ்சு பொரித்தது. நைனா ஆளே மாறிவிட்டார். ஏரிக்குப் போனாலும் பாதியில் திரும்பி வந்துவிடுவார். "இந்த ஆறும் பெருசாவணும்மா, வேற இன்னா வோணும் எனக்கு?" என்பார்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் வந்தது. உச்சி வெயிலில் கரகம் தெருவுக்குள் நுழைந்தது. வீட்டுக்கு வீடு கற்பூரம் காட்டினார்கள், தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நைனா குஞ்சுகளை அள்ளி உள்ளே ஓடினார். எங்கள் கை நின்றதும் வெளியே விட்டார். அடுத்த வீட்டில் கற்பூரம், மறுபடி உள்ளே. மேஸ்திரி இப்போது உள்ளே இருக்கவேண்டுமா வெளியே இருக்கவேண்டுமா என்று தெரியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டது. பத்தாவது தடவைக்குப் பிறகு நைனாவும் மூச்சு வாங்கி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் நிஜப் பருந்து வந்தது.

"நைனா, மேலே!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து நேராக அதைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "எங்கமா? எங்க?" என்றார். இறக்கையை விரித்துக்கொண்டு தென்னை உயரத்தில் வருகிற பறவை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

பட்டத்துராணி அலறியது. நைனா தடாலென்று மண்ணில் குப்புற விழுந்து, ஏரிச் சேற்றில் துழாவுகிற மாதிரியே இரண்டு கையாலும் துழாவினார். விரலில் பட்ட குஞ்சையெல்லாம் ஒவ்வொன்றாக நெஞ்சுக்கடியில் சேர்த்தார். பருந்து போன பிறகு எழுந்து தடவிப் பார்த்து எண்ணினார். ஐந்துதான் இருந்தன.

கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

"நண்டு புடிக்கக் கண்ணு இன்னாத்துக்குமா? கை போதும். கோழிக்கு ஒங்க கன்னம் போதும்னு இருந்தேன். கிட்டத்துல கை ஆடறது தெரியும்," என்றார். எங்கள் பக்தியை நம்பி ஒரு மனுஷன் குடும்பம் நடத்தியிருக்கிறார், எங்களுக்குத் தெரியவில்லை.

கன்னியம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "கூடவே கெடக்கறேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ? நாளைக்கே பொன்னேரிக்குக் கெளம்பு, ஆபரேசன் பண்ணிக்கலாம்!"

"ரெண்டு நாளு நான் அங்க படுத்துக்கினா இந்த அஞ்சையும் தூக்கினு பூடுமே."

கோழிகளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத கன்னியம்மா சொன்னாள்: "பட்டத்துராணிய நான் பாத்துக்கறேன். நீ போ நைனா."

போனார். அந்த இரண்டு நாளும் தெருவே காவலுக்கு நின்றது. முதல் பருந்து வந்ததும் அத்தனை பேரும் ஒழுங்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றோம். பார்த்து ஓடிவர ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கன்னியம்மாதான் துடைப்பத்தோடு பாய்ந்தாள்.

மூன்றாம் நாள் நைனா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினார். ஐந்து குஞ்சையும் எண்ணினார், திரும்பவும் எண்ணினார். பிறகு மேஸ்திரியைத் தூக்கி உற்றுப் பார்த்தார்.

"இன்னாடா இவ்ளோ அழுக்கா கீறே? வெள்ளைனு சொல்லித்தானே குட்த்தான்?"

அடுத்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "போஸ்ட்டம்மா, நீ சின்னப் பொண்ணா? ரிட்டயர் ஆவப்போறவங்கோனுல்ல நெனச்சினு இருந்தேன்!" அன்றோடு 'நீங்கோ' போய்விட்டது.

கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் அவர் வானத்தைப் பார்க்கவில்லை. பருந்து நிழல் விழுந்தால் முதலில் எங்கள் வராந்தாவைத்தான் பார்ப்பார். நானும் போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

இப்போது எனக்குப் பொன்னேரியில் வேலை. சாயங்காலம் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது தலைக்குமேல் ஏதாவது பறந்தால், கருடனோ காக்கையோ, கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் குழம்பிப்போய் மேலே பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். ஏரிக்கரையில் ஐந்து குஞ்சும் பத்திரமாக உள்ளே போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்புறம்தான் ரயில் ஏறுகிறேன்.