எட்டு மில்லி ஜனநாயகம்

மக்களாட்சி கிரேக்க நாட்டில் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இருக்கலாம். ஆனால் அது குறை களைந்து, மாசு நீங்கி, முழு நிறைவு எய்தியது 1981ஆம் ஆண்டில், போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தகர ஷெட்டில். நான் அங்கே இருந்தேன். தேர்தல் அதிகாரியே நான்தான்.

ஷெட்டின் மேல் ‘கலைக்கதிர் எழில்வேந்தன் ரசிகர் நற்பணி மன்றம்’ என்று போர்டு தொங்கும். தலைவர் எழில்வேந்தன் படம் வந்தால் கட் அவுட்டுக்கு மாலை போடுவது எங்கள் நற்பணி. படம் வராத மாதங்களில் அடுத்த படத்துக்குக் காத்திருப்பது அதைவிடப் பெரிய நற்பணி.

மன்றத்தில் அறுபது உறுப்பினர்கள். பத்தொன்பது பேர் ஊர்க்காரர்கள். ஏலக்காய்க் குடோன்களில் சலிப்பது, மூட்டை தைப்பது, லோடு ஏற்றுவது எங்கள் சோலி. நான் ஒரு குடோனுக்கு ராத்திரிக் காவல். கல்லூரியில் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சட்டதிட்டம் எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. மீதி நாற்பத்தொரு பேர் போடிமெட்டுக்கு மேலே மலை எஸ்டேட்டுகளில் ஏலச்செடியில் காய் எடுப்பவர்கள். பெரும்பாலும் பெண்கள்.

மன்றத்தை நடத்தியவர் ‘உறுப்பினர் பிரதிநிதி’ வெள்ளைத்துரை. குடோனில் சல்லடை மேஸ்திரி. ஒவ்வொரு புதுப்படத்துக்கும் மன்றத்தின் சிறப்புக் காட்சி உண்டு. நாளையும் ஆட்டத்தையும் குறிப்பது பிரதிநிதியின் உரிமை. அவர் தவறாமல் ஞாயிறு மாலை ஆறரை மணி ஆட்டத்தையே குறித்தார். மலைக்குக் கடைசி ஜீப்பு ஏழே முக்காலுக்கு. அதை விட்டால் மறுநாள் வேலை போச்சு. ஆகவே மலை உறுப்பினர்கள் இடைவேளை விளக்கு எரிந்ததும் எழுந்து ஓடுவார்கள். மூன்று வருடமாக இப்படி.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் முத்துப்பேச்சி எழுந்தாள். எஸ்டேட்டில் வேகமாகக் காய் எடுப்பதில் பேர் வாங்கியவள்.

“அண்ணே, தலைவரு கடைசியில செயிக்கிறாரா தோக்குறாரான்னே எங்களுக்குத் தெரியாது. நாங்க பாத்த வரைக்கும் மனுசன் அடி வாங்கிட்டேதேன் இருக்காரு.”

“செயிச்சிருவாரு ஆத்தா. நான் சொல்றேன்ல” என்றார் வெள்ளைத்துரை.

“நீங்க சொல்றதக் கேக்கவா டிக்கெட்டு எடுக்குறோம்? மத்தியான ஆட்டத்துக்கு மாத்துங்க.”

மூட்டை தைக்கும் காசிமாயன் பதறிப்போனார். “ஞாயித்துக்கெழம கறிச்சோறு தின்னுட்டு எவன்த்தா டாக்கீசுக்குப் போவான்? உள்ள உக்காந்ததும் தூங்கிருவோம்ல?”

“நீங்க தூங்கணும்னு நாங்க பாதியில ஓடணுமாக்கும்? சரி, பிரதிநிதி எலெக்சன்ல இந்தத் தடவ நான் நிக்கிறேன். எங்காளுக நாப்பத்தியோரு பேரு.”

ஜனநாயகம் ஆபத்தில் இருப்பதை வெள்ளைத்துரை உணர்ந்துகொண்டார். அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தார்.

“மாப்ளே, போன எலெக்சன்ல அறுவது பேருக்கு எரநூத்திப் பன்னெண்டு ஓட்டு விழுந்துச்சு. ஞாபகம் இருக்கா?”

“நீங்கதான போட்டீக?”

“யாரு போட்டா என்ன, தப்பு தப்புதான? தாளுனா எவனும் நாலாக் கிழிச்சு நாலு ஓட்டாப் போடுவான். ஏலக்காயா இருந்தா? கிழிக்க முடியுமா? நம்ம ஊரு பெருமைக்கும் ஆச்சு. எழுது.”

எழுதினேன். இன்று படித்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ‘காய்ந்த ஏலக்காய் ஒன்றே வாக்கு எனக் கருதப்படும். உறுப்பினர் தம் வாக்கைத் தாமே கொண்டுவருதல் வேண்டும். எட்டு மில்லி சல்லடையில் நில்லாது கீழே விழும் வாக்கு, செல்லாத வாக்காகும்.’

எட்டு மில்லி சல்லடை என்றால் ஓட்டை எட்டு மில்லிமீட்டர் அகலம். அதில் நிற்பது முதல் தரக் காய். குடோனில் பொறுக்கி, மூட்டை தைத்து, வெளிநாட்டுக்குப் போவது. பெட்டிக்கடைக்கு வருவது அதில் விழுந்ததும் நொறுங்கியதும்தான். எஸ்டேட்டில் காய் எடுக்கிறவர்களோ பச்சைக்காயோடு சரி. உலர்த்துகிற ஸ்டோருக்கு எப்போதும் பூட்டு. சாயங்காலம் வேலை விட்டால் வாட்சர் மடியை உதறச் சொல்வான், தூக்குச்சட்டியைத் திறக்கச் சொல்வான், கொண்டையை அவிழ்க்கச் சொல்வான். ஒரு காய் கிடைத்தால் மறுநாள் வேலை கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம். அதனால் அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

தேர்தல் நாள் ஞாயிறு காலை. மேஜைமேல் சல்லடை. திரைக்குப் பின்னால் இரண்டு பானைகள், ஒன்றில் வெள்ளைத்துரை பெயர், மற்றதில் முத்துப்பேச்சி பெயர். மூன்று ஜீப்பு நிறைய மலை உறுப்பினர்கள் வந்து இறங்கினார்கள். வழியில் பஜாரில் இறங்கி ஆளுக்கு ஒரு ஏலக்காய் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். முத்துப்பேச்சி முதலில் தன் காயைச் சல்லடையில் வைத்தாள். நான் சட்டப்படி ஒரு குலுக்குக் குலுக்கினேன். விழுந்தது.

“செல்லாது.”

அடுத்து ராமுத்தாய். விழுந்தது. பிறகு சந்திரவல்லி. அவள் காய் ஓட்டையில் சிக்கிக்கொண்டு நின்றது. மலைக்காரர்கள் கைதட்டினார்கள். வெள்ளைத்துரை வந்து விரலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். அதுவும் விழுந்தது. நாற்பத்தொரு வாக்குகளும் மேஜைக்கு அடியில் குவிந்து கிடந்தன.

அடுத்து ஊர் உறுப்பினர்கள். காசிமாயன் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு காய் எடுத்தார். கோலிக்குண்டு மாதிரி நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு பிடி எடுத்துக் காட்டினார். அத்தனையும் முதல் தரம்.

முத்துப்பேச்சி அவர் உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள். “அண்ணே, இது எந்தக் கடையில வாங்குனது? சொன்னா வெரசாப் போயி நாங்களும் வாங்கிட்டு வர்றோம்.”

“கடையிலயா?” காசிமாயன் சிரித்துவிட்டார். “குடோன்ல சோலி பாக்குறவன் ஏலக்காய வெலைக்கு வாங்குனான்னா ஊரே சிரிக்கும்த்தா!”

வேறு யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைத்துரை மட்டும் இருமினார்.

“எங்க கொண்டையில ஒத்தக் காயி இருந்தா கழுத்தப் பிடிச்சுத் தள்ளுறாக” என்றாள் முத்துப்பேச்சி. “ஒங்க பையில இருந்தா ஓட்டா?” என் பக்கம் திரும்பினாள். “நீ படிச்சவன். இதையும் எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன்: ‘வேட்பாளர் எழுப்பிய கேள்வி ஒழுங்குக்குப் புறம்பானது.’ பிறகு என் பையிலிருந்த காயை எடுத்துச் சல்லடையில் வைத்தேன். நின்றது. பத்தொன்பதாவது வாக்கு அது.

வெள்ளைத்துரை பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். சிறப்புக் காட்சி வழக்கம்போல மாலை ஆறரைக்கே என்று முதல் அறிவிப்பு வந்தது. மலைக்காரர்கள் ஜீப்பில் ஏறினார்கள். நான் ஷெட்டில் தனியாக உட்கார்ந்து தேர்தல் அறிக்கையை முடித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். ‘மன்றத்தில் நேர்மையானவர்கள் நாற்பத்தொரு பேர் என்பது இத்தேர்தலில் ஐயமற நிரூபணமாயிற்று. மீதிப் பத்தொன்பது பேர் சேர்ந்து பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தோம்.’