மண்ணெண்ணெய் டின்னுக்குள் மாப்பிள்ளை

எனக்கு அறிவு கொஞ்சம் அதிகம் என்று இருபத்து நாலு வயதில் நான் உறுதியாக நம்பினேன். (வேறு யாரும் நம்பவில்லை.) அறுபதுகளின் நடுப்பகுதி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு பீளமேட்டில் ஒரு பம்ப்செட் பட்டறையில் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திர மனிதனை வெளிநாட்டில் உருவாக்குகிறார்கள் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் அரைப்பக்கம் படித்துத் தொலைத்தேன். அவ்வளவுதான், எங்கள் ஊர்ப் பிள்ளைகளை விஞ்ஞானிகளாக்கக் கிளம்பிவிட்டேன்.

ஞாயிறு காலை எங்கள் வீட்டு வாசலில் வகுப்பு. ஐந்திலிருந்து எட்டு வயது வரை பன்னிரண்டு உருப்படிகள். இயந்திரம் வாங்க ஏது வழி? நானே இயந்திரம். மண்ணெண்ணெய் டின்னில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொள்வேன். பிள்ளைகள் அட்டைகளில் ‘எட்டு அடி நட’, ‘இடப்பக்கம் திரும்பு’, ‘எடு’, ‘போடு’ என்று எழுதி வரிசையாக அடுக்க வேண்டும். ஒருத்தர் வாசிக்க வாசிக்க நான் செய்வேன். அட்டை தப்பென்றால் தப்பாகவே செய்வேன். ஒரு வாரம் நேராகப் போய்ச் சுவரில் முட்டினேன். என்ன ஆனந்தம் அந்தப் பிசாசுகளுக்கு!

“இயந்திரத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது. யார் வந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது” என்பதுதான் என் முதல் பாடம். சொந்தப் புத்தி இல்லாததை நான் விளக்கவே வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிகிறது என்பது அம்மாவின் கருத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி பஸ்ஸில் கிணத்துக்கடவிலிருந்து பெண்ணின் அப்பா என்னைப் பார்க்க வருவதாக இருந்தார். அதற்கு முன் ஐந்து சம்பந்தங்கள் என் வாயால் தட்டிப்போயிருந்தன. அவற்றுக்காக நான் ஒரு வேளைச் சோறுகூடக் குறைக்கவில்லை. ஆனால் இந்தப் பெண்ணைப் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து பட்டறையில் ஒரு நட்டைக்கூட நேராக முடுக்க முடியவில்லை. இதுவும் தட்டிப்போனால் நான் செத்தேன் என்றே இருந்தது.

“பத்தரைக்கெல்லாம் அந்த டின்னைக் கழட்டி வீசிப்போட்டு மூஞ்சி கழுவிக்கோ. வந்தவருகிட்ட வாயத் தொறந்தே, தெரியும் சேதி!” என்றாள் அம்மா.

பத்து மணிக்கு வகுப்பு. முக்காலி மேல் ஒரு பெரிய பானை, பானை மேல் வெள்ளைத் துணிச் சுருட்டு. நான் நடந்துபோய் அதை எடுத்து, பக்கத்தில் இருக்கும் மாட்டுத் தொட்டியில் போட வேண்டும். (தொட்டி நிறையப் புண்ணாக்குத் தண்ணீர். துணி விழுந்தால் சத்தம் நன்றாக வரும் என்பது ஏழு வயது ருக்குமணியின் யோசனை. அவள்தான் அன்றைக்கு வாசிப்பவள்.)

பாதி வழியில் வெளியே ஒரு குரல். “ஏனுங்க, எஞ்சினீரு பையன் ஊடு இதுங்களா?”

யாரோ மோட்டார் ரிப்பேருக்கு வந்திருக்கிறார், இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிற்றே! விருந்தாளியை நிற்க விடுவார்களா? “வாங்க வாங்க! உக்காருங்க!” என்று பானையை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு முக்காலியைக் கொடுத்துவிட்டார்கள். பானை இருந்த இடத்தில் அவர். துணி இருந்த இடத்தில் அவர் தலையில் கட்டியிருந்த உருமாலை.

“இடப்பக்கம் திரும்பு” என்றாள் ருக்குமணி. திரும்பினேன். ஓட்டை வழியாக வெள்ளையாக உருண்டையாக ஒன்று தெரிந்தது.

“எடு.”

எடுத்தேன். துணி கதகதப்பாக இருந்தது. வெயில் போலிருக்கிறது என்று நினைத்தேன். (எஞ்சினீர்!)

“போடு.”

தொபுக்.

எங்கள் பக்கத்தில் பெரிய மனுஷர் உருமாலையில் கை வைப்பது கன்னத்தில் கை வைப்பதைவிடப் பெரிய வம்பு. “எவன்டா அவன்!” என்று எழுந்த சத்தத்தில் டின் அதிர்ந்தது. ருக்குமணி அசரவில்லை. மரியாதைக்காக அவர்களாகவே கடைசியில் ஓர் அட்டை சேர்த்திருந்தார்கள்.

“கும்பிடு.”

கும்பிட்டேன்.

அம்மா ஓடிவந்தாள். “ஐயோ, கிணத்துக்கடவுக்காரருங்களா! பதினோரு மணி பஸ்ஸுன்னீங்களே!” அப்போதுதான் எனக்கு விளங்கியது. டின்னைக் கழற்றப் பார்த்தேன், காதில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. என் வாழ்க்கை போய்விட்டது என்று உள்ளுக்குள் நிஜமாகவே அழுதேன்.

ருக்குமணி சமாதானத்துக்குப் போனாள். “கோவிச்சுக்காதீங்க. இது மிசினுங்க. இதுக்குச் சொந்தப் புத்தி இல்லீங்க.”

“அது தெரியுது கண்ணு” என்றவர், உருமாலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் நடையைக் கட்டினார்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தரகர் வந்து நடந்ததைச் சொன்னார். மனுஷன் வீட்டில் போய்க் குதித்துக் குதித்துக் கதையைச் சொல்ல, பெண் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாளாம்: “ஏழு வயசுப் புள்ள சொன்னதையே தட்டாமக் கேக்கறவரு, நாஞ் சொன்னாக் கேக்க மாட்டாருங்களாப்பா? இவரையே முடிச்சுப்போடுங்க.”

முடித்துப்போட்டார்கள்.

அதன்பிறகு என் மாமனார் எப்போது வந்தாலும் வாசலுக்கு வெளியிலேயே உருமாலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். “ஏங் கண்ணு, மிசினு ஓடுதா, நின்னுருச்சா?” என்று என் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். அவள் வேண்டுமென்றே, “இன்னும் ஓடுதுங்க அப்புச்சி” என்பாள்.

“அப்படீன்னா உங்கம்மாள வந்து நிறுத்தச் சொல்லு சாமி. அவ சொன்னாத்தான் நிக்கும்” என்பார் மனுஷன்.