வெள்ளாற்றுப் பூநாரைகள்

புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை முதல் வருடத்தோடு முடிந்துவிடும் என்பார்கள். எனக்கு அது ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனுக்கு முன்பே முடிந்துவிட்டது.

பெண் பார்க்கப் போன அன்றே தொடங்கிய வினை அது. சிதம்பரத்தில் பவித்ராவின் வீட்டு மொட்டைமாடியில் எங்களைக் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விட்டார்கள். சுற்றிலும் பூந்தொட்டிகள். "லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். தூங்குவேன் என்பதுதான் உண்மை. தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே, "பறவைங்க பாப்பேன்" என்று சொல்லிவிட்டேன். (எதிர்வீட்டு மதிலில் அப்போது ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அந்த வகையில் அது முழுப் பொய்யும் அல்ல.)

கல்யாணமாகிக் கடலூரில் குடித்தனம் வைத்த பிறகு, வேறு வழியில்லாமல் ஒரு பைனாகுலர் வாங்கினேன். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது, போட்ட மோதிரத்தைவிட அதைத்தான் அதிகம் காட்டிக்கொண்டேன். ஆச்சரியம் என்னவென்றால், பொய்யாகத் தொடங்கியது எனக்கே பிடித்துப்போயிற்று. ஐப்பசி மழை விட்ட காலைகளில், தண்ணீர் நிறைந்த வயல்களில் கொக்குகள் அளந்து அளந்து கால் வைப்பதையும், கம்பியில் உட்கார்ந்த கரிச்சான் திடீரென்று பாய்ந்து பூச்சியோடு திரும்புவதையும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அலுக்கவே அலுக்காது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜவுளிக்கடை வைத்திருந்த என் மாமனார், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க மாப்ள பறவை ஆராய்ச்சி பண்றாரு" என்று சொல்ல ஆரம்பித்தார். நானும் மறுக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் வெள்ளாற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. அம்மா வீட்டுக்குப் போயிருந்த பவித்ராவை அழைத்துவர, சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் மேல் போகும்போது, தூரத்தில் பரங்கிப்பேட்டைப் பக்கம், சேற்றுத் திட்டில் இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம். தூறலுக்குள் மெல்லிய கால்கள்கூடத் தெரிந்தன. பூநாரை! ஓடும் பஸ்ஸிலிருந்தே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பூநாரைகள் நம் வெள்ளாற்றைத் தேடி வந்துவிட்டன!"

பவித்ராவின் அண்ணன் செந்தில் மட்டும், "ஒண்ணும் தெரியலையே மச்சான்" என்று எழுதினார். ரசனை இல்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் மறுநாள் காலை ஆற்றங்கரைக்குப் போக வேன் பேசியாகிவிட்டது. பவித்ராவின் பெரியப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கொண்டுவந்த வெளிநாட்டு மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு என்னை எடுத்ததில் அவருக்கு இன்னும் ஆறவில்லை. மாமா என்னை ஓரமாக அழைத்து, "அவரு பாக்கணும் மாப்ள. அதுக்குத்தான் வரச் சொன்னேன்" என்றார்.

காலையில் நாங்கள் ஆற்றங்கரையில் போய் இறங்கியபோது நல்ல பனி. சேற்றின் மேல் இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாக ஏதோ தெரிந்தது. நான் குரலைத் தாழ்த்தி விளக்க ஆரம்பித்தேன்.

"ஒத்தக் கால்லதான் நிக்கும். இன்னொரு காலை மடிச்சு வெச்சுக்கும்."

"ஏன் மாப்ள, ஒண்ணுகூட அசையவே இல்ல?" என்றார் அத்தை, இட்லித் தூக்கை இடுப்பில் இடுக்கியபடி.

"தூங்குதுங்க அத்தை. ரொம்ப தூரம் பறந்து வந்த களைப்பு."

பெரியப்பா இருமினார். அவரைப் பார்த்து நான் உதட்டில் விரல் வைத்தேன். (வயதில் அவ்வளவு பெரியவரை! இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.) அவரும் பயந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அப்போது ஒரு நீர்க்காகம் வந்து, நாரை ஒன்றின் முதுகில் உட்கார்ந்து, இறக்கையை விரித்துக் காயவைத்தது. "பாத்தீங்களா, எவ்ளோ ஒத்துமை!" என்றேன்.

"மாப்ள," என்றார் அத்தை மெதுவாக. "அதுக்கு நாலு கால் இருக்கறாப்புல இருக்கே."

வெயில் ஏறிப் பனி விலகியது. நான் பைனாகுலரைத் திருகினேன். திருகத் திருக, அவை நாற்காலிகளாகவே இருந்தன. ரோஸ் கலர் பிளாஸ்டிக் நாற்காலிகள். சில நின்றிருந்தன, சில கவிழ்ந்து காலைத் தூக்கியிருந்தன. அந்த இடத்திலேயே சேற்றுக்குள் இறங்கி மறைந்துவிடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவர் ஆற்றைப் பார்த்துக் கத்தினார். "ஐயோ, என் சேருங்க! புவனகிரில ஆத்தோரம் ஒரு கல்யாணத்துக்குப் போட்டது சார். வெள்ளத்துல மொத்தமா போயிடுச்சு. ஊர் ஊரா தேடிக்கிட்டிருக்கேன். யாரு சார் கண்டுபுடிச்சது?"

"இவருதான்," என்று செந்தில் என்னைக் காட்டினார். "நேத்தே போட்டோ புடிச்சுப் போட்டுட்டாரு."

அந்த மனிதர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "நீங்க நல்லா இருக்கணும் சார். கொஞ்சம் கை குடுத்தீங்கன்னா ஏத்திப்புடலாம்."

மறுக்க எனக்கு முகம் ஏது? நானும் செந்திலும் முழங்கால் சேற்றில் இறங்கி, நாரைகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றினோம். நீர்க்காகம் கடைசிவரை இறங்க மறுத்தது. பவித்ரா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

கரையேறும்போது பெரியப்பா, "பறவை ஆராய்ச்சின்னு சொன்னீங்களே தம்பி?" என்று மாமாவிடம் கேட்பது காதில் விழுந்தது.

"புள்ளைக்கு வேலை ஜாஸ்திண்ணே. களைப்புல யாருக்கும் இப்படித்தான் தெரியும்," என்றார் மாமா. என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. கழுவிய நாற்காலியொன்றில் என்னை உட்காரவைத்து, தட்டில் இட்லியைக் கொடுத்துவிட்டு, "கலரு கரெக்டா சொன்னீங்க மாப்ள" என்றார்.

அதன்பின் அந்த வீட்டில் நாற்காலிக்கு நாற்காலி என்ற பெயர் இல்லை. விருந்தாளி வந்தால், "உள்ளேருந்து ரெண்டு நாரை கொண்டாந்து போடு" என்பார் அத்தை. விவரம் தெரியாத விருந்தாளிகள் திகைப்பார்கள். யாராவது உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்வார்கள்.

போன மார்கழியில் ஒரு காலை, நானும் பவித்ராவும் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்துக்குப் போயிருந்தோம். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. நான் வாயே திறக்கவில்லை. பவித்ராதான் பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தாள். அவை நடந்தன. கழுத்தை வளைத்துத் தண்ணீருக்குள் அலகைத் துழாவின. ஒன்று எழும்பிப் பறந்தபோது, இறக்கைக்குள் சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று விரிந்தன. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நெஜமாவே பூநாரைங்க!" என்று பவித்ரா தெளிவாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள்.

உடனே மாமாவிடமிருந்து பதில் வந்தது: "யார் வீட்டுக் கல்யாணம்?"